பத்து சதவீதம் பிடித்துவிட்டால் வரி முடிந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் கணக்கு எழுதுவதும் வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பதும் என் தொழில். கிருஷ்ணகிரி, வாணியம்பாடிப் பக்கமிருந்து வந்து எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் இப்போது அதிகம் கேட்பது ஒரே கேள்விதான்: “அங்கிள், என்னை கன்சல்டன்ட்னு எடுத்திருக்காங்க, நான் சம்பளக்காரியா, தொழில் பண்றவளா?”

நியாயமான கேள்வி. சம்பளம் என்றால் நிறுவனமே வரியைக் கணக்குப் போட்டுப் பிடித்துவிடும், பிஎஃப் உண்டு, 75,000 ரூபாய் நிலைக் கழிவு (வரி போடும் முன் வருமானத்தில் கழித்துவிடும் தொகை) உண்டு. கன்சல்டன்ட் என்றால் பில்லில் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்துக்கொண்டு மீதியை வங்கியில் போடுவதோடு சரி. ஆனால் காலை ஒன்பதரைக்கு லாகின் ஆக வேண்டும், லீவுக்கு மேனேஜரைக் கேட்க வேண்டும், வெளியே வேறு வேலை தொடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். தாளில் உள்ள பெயரை மட்டும் பார்த்து நீதிமன்றங்கள் இதைத் தீர்மானிப்பதில்லை, வேலை யார் பிடியில் நடந்தது என்றும் பார்க்கின்றன. அதற்காக 23 வயதுப் பிள்ளை கோர்ட் படி ஏறுமா? (ஊரில் மாப்பிள்ளை வீட்டார் சம்பளச் சீட்டு கேட்கிறார்களாம், அது தனித் தொல்லை.)

சரி, வரிக்கு வருகிறேன். பிடித்த 10 சதவீதத்தோடு கணக்கு தீர்ந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். மாதம் 60,000 பில் போடும் ஒரு மென்பொருள்காரருக்கு ஆண்டு வரவு 7,20,000, அதில் டிடிஎஸ்ஸாகப் போனது 72,000. 44ஏடிஏ பிரிவு என்று நாங்கள் சொல்லிப் பழகிய உத்தேச வருமான முறையில் வரவில் பாதிக்குக் குறையாமல், அதாவது 3,60,000, காட்டினால் போதும், கணக்குப் புத்தகமும் கேட்க மாட்டார்கள். 2025-26 ஆண்டுக்குப் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது, வேறு வருமானம் இல்லையென்றால் அந்த 72,000 முழுவதும் அவருக்குத் திரும்பி வர வேண்டிய பணம், ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் வரும். இந்த முறை மென்பொருள், பொறியியல், மருத்துவம், சட்டம் என்று அரசு குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டும்தான் என்பதால், ஆள் எடுத்துக் கொடுக்கிறவரும் விளம்பரம் எழுதுகிறவரும் கண்ணை மூடிக்கொண்டு இதில் நுழையக் கூடாது.

வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் கதை தலைகீழ். அங்கே டிடிஎஸ் பிடிக்க ஆளில்லை, முழுத்தொகையும் கைக்கு வந்து, செலவும் ஆகிவிடும். வரி 10,000 ரூபாயைத் தொட்டாலே முன்வரி (ஆண்டு முடியும் முன்பே நாமே கட்டும் வரி) கட்ட வேண்டும், உத்தேச முறைக்காரர்களுக்கு அதன் கடைசித் தேதி மார்ச் 15. அப்புறம் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு. ஏற்றுமதிக்குத்தான் ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லையே, பதிவு எதற்கு என்று என்னிடமே வாதாடுகிறார்கள். வரி பூஜ்யம் என்பதால் பதிவு வேண்டாம் என்று ஆகிவிடாது.

இதற்கிடையில் 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. பிடிக்கிறவர்களே குழம்பினால் புதிதாக வருகிற பிள்ளை என்ன செய்யும்?

நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போதே, இது சம்பளமா தொழில் கட்டணமா, எந்தப் பிரிவில் எவ்வளவு பிடிப்பார்கள், பிஎஃப் உண்டா இல்லையா என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கட்டும். கொடுக்காவிட்டால் கையெழுத்துக்கு முன் பிள்ளைகள் கேட்டு வாங்கட்டும். உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள்: வரி பற்றி வரும் கட்டுரைகள் எப்போதும் சம்பளக்காரர்களுக்காகவே இருக்கின்றன, இவர்களுக்கென்று ஒன்று போடுங்கள். பிப்ரவரியில் போடுங்கள், மார்ச் 15 தாண்டி வந்தால் வட்டி எவ்வளவு என்று பார்க்கத்தான் உதவும்.

இப்படிக்கு,
ஒரு கணக்கர், அல்சூர், பெங்களூரு