பன்னெண்டு நிமிஷம் வெயிட் பண்ணவங்களுக்கு

மக்களே வணக்கம். இன்னைக்கு வண்டி சர்வீஸ்ல நிக்குது, அதான் ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச ஒரு நன்றிய டைப் பண்றேன்.

நான் நியூயார்க் குயின்ஸ்ல கார் ஓட்டுறவன், ஊரு காரைக்குடி பக்கம். 2022ல வாடகை கார் புக் பண்ற ஒரு பெரிய ஆப் காரணமே சொல்லாம என் அக்கவுண்ட்ட முடக்கிருச்சு, போன் போட்டா மெஷின் தான் பேசுது, ஆனா கார் டியூ மட்டும் டான்னு வந்து நிக்குது. அப்ப ரிச்மண்ட் ஹில் குருத்வாரால, அதான் சீக்கியங்க கோயில்ல, சாப்பாட்டுல பக்கத்துல ஒக்காந்த ஒரு பஞ்சாபி அண்ணன் தான், டிரைவருங்களே முதலாளியா ஒரு ஆப் இருக்கு, டிரைவர்ஸ் கோஆப்பரேட்டிவ், போன வருஷம் மே மாசம் ஆரம்பிச்சது, நீயும் வான்னாரு. முதல் நன்றி அவருக்கு.

சத்தியமா நான் நம்பல. சீட்டு கம்பெனி மாதிரி ஏதோன்னு நெனச்சேன். கமிஷன் 15% தான், மிச்சம் ஓட்டுறவனுக்கு, லாபம் வந்தா பங்கு, ஆளுக்கு ஒரு ஓட்டுன்னு சொன்னப்ப தான் பொறி தட்டுச்சு, அட இது நம்ம ஊரு பால் சொசைட்டி! ஒத்த மாடு வச்சிருந்த எங்கப்பாவுக்கும் பத்து மாட்டுக்காரருக்கும் அங்க ஒரே ஓட்டு தான். ஆரம்பிச்ச மூணு பேர்ல கென் லூயிஸ் கரீபியன் தீவு கிரெனடாலேர்ந்து வந்து இங்க ஸ்டியரிங் புடிச்சவரு, அவருக்கும், ஆன்லைன்ல சின்னச்சின்னதா காசு போட்ட முகம் தெரியாதவங்களுக்கும் நன்றி.

ஆனா பெரிய நன்றி பாசஞ்சருக்கு தான். உள்ளத சொல்றேன், அப்ப எங்க ஆப்ல வண்டி கம்மி, பெரிய ஆப்ல மூணு நிமிஷத்துல வந்த கார் எங்கள்ட்ட பன்னெண்டு நிமிஷம் ஆச்சு, கேன்சல் பண்ணிட்டு போனவங்கள குத்தம் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்கு போற வயசானவங்க டிரிப் தான் பல நாள் அடுப்பெரிய வச்சுச்சு.

அப்படியும் காத்திருந்தவங்க இருக்காங்க. ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் வாசல்ல ஒரு வெள்ளிக்கிழமை செம மழை, நான் போன் பண்ணி அக்கா லேட்டாகும், வேற ஆப்ல போயிருங்கன்னேன், "நீ மெதுவா வா தம்பி, கேன்டீன்ல காபி குடிச்சிட்டு நிக்கிறேன்"னாங்க. எனக்கும் ஒரு காபி வாங்கி வச்சிருந்தாங்க, ஆறிப்போச்சு, அதுவும் நல்லா தான் இருந்துச்சு.

அக்கா, நீங்க இத படிச்சா, அன்னைக்கு பின்சீட்ல விட்டுட்டுப் போன பச்சைக் குடை என் டிக்கில பத்திரமா இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை கோயிலுக்கு கொண்டாறேன்.