‘பத்லி ஹை’ என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்

மும்பையில் குழந்தைப்பேறு சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கும், ஸ்கேன் பார்க்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். தாராவி தொண்ணூறடி சாலைப் பக்கம் குடியிருக்கிறேன். இந்தி தெரியும் என்பதால், தெருப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு என்னைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள். போன மாதம் தம்பி பெண்டாட்டியோடு போனேன். உறைய வைத்த கருவைக் கருப்பையில் வைப்பதற்காக, அதன் உட்படலம் தடிக்கப் பன்னிரண்டு நாளாக எஸ்ட்ராடியால் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டிருந்தாள். படலத்தை அளக்கத் திரையில் இரண்டு கூட்டல் குறி வைத்தார்கள்; 6.8 மி.மீ. “லைனிங் பத்லி ஹை, இஸ் பார் கேன்சல்.” அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டாகிவிட்டது.

படலம் மெல்லிசாம், இந்த முறை வேண்டாமாம் என்று சொன்னேன், வேறெப்படிச் சொல்ல? ராத்திரிக்குள் அது “கருப்பையே சரியில்லையாம்” என்று எங்கள் அம்மா வாயிலேயே வந்தது. தம்பி பெண்டாட்டி சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே சயானில் வேறு சென்டரில் பார்த்திருந்தோம். 7.3. யார் மேலும் குற்றமில்லை. கருப்பையை நெடுக்குவாட்டில் நேராகப் பிடித்து, படலத்தின் இரண்டு அடுக்கையும் சேர்த்து, தடிப்பான இடத்தில் அளக்க வேண்டும். சற்றே சாய்ந்தால் எண் மாறும். உங்களுக்குத் தெரியாததா? இப்படி ஆடும் அளவை வைத்துக்கொண்டு 7-க்கு மேலே பாஸ், கீழே ஃபெயில் என்பதுபோல ஏன் சொல்கிறீர்கள்? 7-க்குக் கீழே வாய்ப்பு குறைகிறது, இல்லாமல் போவதில்லை. 5, 6-லும் கரு தங்கியிருக்கிறது. பெண்ணின் வயது, கருவின் தரம் எல்லாம் இதில் சேரும். படலம் ஸ்கேனில் மூன்று கோடாகத் தெரிந்தால் நல்ல அறிகுறி என்பார்கள்; அப்படித் தெரிந்ததா என்று ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தை இல்லை.

தள்ளிப்போட்டது சரியாகவே இருக்கலாம். காரணம் சொல்லியிருக்கலாம்.

அடுத்த முறைக்கு அவள் ரத்தத்திலிருந்தே பிஆர்பி, அதாவது பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா, எடுத்துக் கருப்பைக்குள் செலுத்தலாம், அதற்குத் தனிக் காசு என்றார்கள். ஐரோப்பாவின் கருத்தரிப்பு மருத்துவ அமைப்பான ஈஷ்ரே அதை வழக்கமாகச் செய்யப் பரிந்துரைக்கவில்லை என்று 2023-லேயே சொன்னதை யாரும் சொல்லவில்லை. வெற்றி வாய்ப்பு, சாதக பாதகம், செலவு எல்லாவற்றையும் விளக்கச் சொல்லும் ஏ.ஆர்.டி. சட்டம், இந்த மாதிரிக் குழந்தைப்பேறு சிகிச்சைக்கான நம் நாட்டுச் சட்டம், 2021-லேயே வந்துவிட்டது.

எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று கோடு உண்டா, மாத்திரையின் எத்தனையாவது நாள் என்று எழுதுங்கள். நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை அடுத்த பெயரைக் கூப்பிடாதீர்கள்.

வருகிற வியாழக்கிழமை ஸ்கேன். நானும் வருவேன்.