உச்சியில் நம்மை விட்டுவிடும் வழிகாட்டிச் சுற்றுலா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து சுக்ஷ்பிட்ஸே சிகரத்துக்கு ஒரே நாளில் போய்த் திரும்புவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். சென்ற செப்டம்பரில் அதே பயணத்தை, அதே வகையான வழிகாட்டிச் சுற்றுலாவில், என் கணவரோடும் மியூனிக்கில் வேலை பார்க்கும் மகனோடும் மேற்கொண்டவள் நான். கட்டுரையாளர் வியந்த காட்சிகள் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால், வழிகாட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார், நாம் கவலைப்பட ஒன்றுமில்லை என்ற பொருளில் அவர் எழுதியிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வயதான பெற்றோரையும் சிறு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அங்கே போக நினைக்கும் வாசகர்கள் அந்த வரியை நம்பிப் புறப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் பேருந்து காலையில் மியூனிக்கை விட்டுப் புறப்பட்டது. ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கார்மிஷ்–பார்ட்டன்கிர்ஷன் வரை வழிகாட்டியான பெண்மணி ஒலிபெருக்கியில் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். அந்த மாநிலமான பவேரியாவை ஆண்ட மன்னர்கள், பீர், 1936ஆம் ஆண்டு அவ்வூரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டி என்று அவர் சொன்னதெல்லாம் சுவையாகவே இருந்தது. சிகரத்தின் அடிவாரத்தில் உள்ள ஐப்ஸே ஏரிக்கரையில் பேருந்து நின்றதும் ஆளுக்கொரு பயணச்சீட்டைக் கொடுத்து, இரண்டரை மணி நேரத்தில் எல்லோரும் இதே இடத்துக்கு வந்துவிட வேண்டும், தாம் எதிரே உள்ள சிற்றுண்டிக் கடையில் இருப்பதாகச் சொல்லிவிட்டு அவர் விலகிக்கொண்டார். வழிகாட்டல் தேவைப்பட்ட நேரம் அப்போதுதான் தொடங்கியது. நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அன்று அங்கே வந்திருந்த வேறு இரண்டு குழுக்களின் வழிகாட்டிகளும் அதே கடையில்தான் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதால், இதை ஒரு நிறுவனத்தின் குறையாக மட்டும் பார்ப்பதும் நியாயமாகாது.

சுக்ஷ்பிட்ஸே ஜெர்மனியின் மிக உயர்ந்த சிகரம். அதன் உயரம் 2,962 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதால், 325 மீட்டர்தானே கூடுதல், ஊட்டிக்குப் போவது போலப் போய்வந்துவிடலாம் என்று நம்மவர்களுக்குத் தோன்றுவது இயல்பே. நாற்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்த எனக்கே ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து பதினொரு பாகை வடக்கே இருக்கும் மலையையும் நாற்பத்தேழு பாகை வடக்கே இருக்கும் மலையையும் வெறும் மீட்டர் கணக்கில் ஒப்பிட முடியாது. தொட்டபெட்டாவின் தலை வரை மரம் வளர்கிறது. சுக்ஷ்பிட்ஸேயின் தலையிலோ மொட்டைச் சுண்ணாம்புப் பாறையும் பனியும்தான் உண்டு. அங்குள்ள வானிலை நிலையம் 1900ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. 1940 பிப்ரவரியில் அது பதிவு செய்த வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 35.6 பாகை. நாங்கள் போன அன்று ஏரிக்கரையில் அரைக்கைச் சட்டையோடு நடக்க முடிந்தது. மேலே ரோப் காரின் கதவு திறந்தபோது காதுமடல் விறைத்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை பாகை வெப்பம் குறையும் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. சொன்னவளே கம்பளிச் சட்டையைப் பேருந்தில் விட்டுவிட்டு ஏறியிருந்தேன்.

உயரத்தைவிட முக்கியம், அந்த உயரத்தை எவ்வளவு விரைவில் எட்டுகிறோம் என்பது. 1963 முதல் ஓடிய பழைய ரோப் காருக்குப் பதிலாக 2017 டிசம்பரில் தொடங்கப்பட்ட புதிய ரோப் கார், 120 பேரை ஏற்றிக்கொண்டு 1,945 மீட்டர் உயரத்தைப் பத்து நிமிடத்தில் கடக்கிறது. வழியில் 127 மீட்டர் உயரமுள்ள ஒரே ஓர் எஃகுக் கோபுரம்தான் உண்டு. அதற்கு அப்பால் 3,213 மீட்டர் தொலைவுக்குக் கம்பிவடம் எந்தத் தாங்கலும் இல்லாமல் தொங்குகிறது. பொறியியல் வகையில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட வேண்டிய வேலை அது. ஆனால் நம் உடம்புக்கு அந்தப் பத்து நிமிடம் போதாது. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய எழுபது விழுக்காடுதான், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வாயுவும் அந்த அளவுக்குக் குறைவு. உடல்நலமுள்ள பெரும்பாலோருக்குச் சில மணி நேரத்தில் இதனால் பெரிய கேடு எதுவும் வருவதில்லை. எனினும் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் என் கணவர், அறுபத்தெட்டு வயதில், வழக்கமான வேகத்தில் இரண்டு மாடிப் படிகளை ஏறியதும் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மெதுவாக நடங்கள், தண்ணீர் குடியுங்கள், இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள் என்ற மூன்று வாக்கியங்களை ஒலிபெருக்கியில் சொல்ல அரை நிமிடம் கூட ஆகியிருக்காது. பீருக்கு மட்டும் இருபது நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தது!

இனி, கட்டுரையாளர் “நடந்துபோய்த் தொட்டுவிட்டு வந்தேன்” என்று எழுதியிருக்கும் சிகரத்தின் உச்சிமுனையில் நிற்கும் அந்தப் பொன்முலாம் பூசிய சிலுவைக்கு வருகிறேன். ரோப் கார் வந்து சேரும் மேடை, உணவகம், கடை எல்லாமே சிகரத்தை ஒட்டி இருக்கின்றனவே தவிர, சிகரத்தின் மேல் இல்லை. மேடையின் முனையிலிருந்து ஓர் இரும்பு ஏணி வழியாகவும், பாறையில் அடித்த கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டும் போனால்தான் சிலுவை நிற்கும் கூர்முனையை அடைய முடியும். தொலைவு குறைவுதான். ஆனால் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அந்த ஒரே வடத்தைத்தான் பிடிக்க வேண்டும், கால் வழுக்கினால் பக்கத்தில் தடுப்பு என்று ஒன்றும் இல்லை. காலையில் பெய்த பனித்தூறலில் பாறை ஈரமாக இருந்தது. எங்கள் குழுவைச் சேர்ந்த ஓர் இளம் தாய், காலில் செருப்போடு, ஐந்து வயதுப் பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அந்த ஏணியில் கால் வைத்தார். முறையான காலணியும் தலைக்கவசமும் அணிந்து கீழிருந்து நடந்தே ஏறி வந்திருந்த ஒரு முதியவர், ஜெர்மன் மொழியில் ஏதோ உரக்கச் சொல்லிக் கையை விரித்து அவரைத் தடுத்தார். அந்தப் பெண்ணுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பணம் கட்டி, பத்தே நிமிடத்தில், கண்ணாடி அறையில் நின்றபடி மேலே வந்த ஒருவருக்குத் தாம் ஒரு மலையின் விளிம்பில் நிற்கிறோம் என்ற நினைவு எங்கிருந்து வரும்?

இந்த மலையின் வரலாற்றை நினைத்தால் எனக்கு ஒரு வேடிக்கை தோன்றுகிறது. பதிவுள்ள முதல் ஏற்றம் 1820 ஆகஸ்ட் 27ஆம் நாள், பவேரிய நில அளவைப் பணிக்காக வந்த யோசெஃப் நவுஸ் என்ற படை அலுவலர், தம் உதவியாளரோடு மேற்கொண்டது. அவர்களோடு கடைசி வரை ஏறியவர் யோஹான் கியோர்க் டவுஷ்ல் என்ற உள்ளூர் வழிகாட்டி. அன்று அவர்கள் கால் வைத்தது மேற்கு முனையில். சுக்ஷ்பிட்ஸேக்கு முன்பு மூன்று முனைகள் இருந்தன. நடுமுனை ரோப் கார் நிலையக் கட்டுமானத்துக்குப் போயிற்று. மேற்கு முனையை, அங்கே ஒரு வான்படைக் கட்டுப்பாட்டு நிலையம் அமைக்கப்போவதாகச் சொல்லி, 1938இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நிலையம் கட்டப்படவே இல்லை. ஆக, எஞ்சியிருப்பது சிலுவை நிற்கும் கிழக்கு முனை ஒன்றுதான். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அளவைக்காரரோடு வழிகாட்டியும் ஏறினார். இன்று நாம் ஏறுகிறோம், வழிகாட்டி ஏறுவதில்லை.

சுற்றுலா வழிகாட்டி வேறு, மலை வழிகாட்டி வேறு என்பதை நான் அறியாமல் இல்லை. பல ஆண்டுப் பயிற்சியும் அரசுத் தேர்வும் முடித்தவர்களே ஆல்ப்ஸ் மலைகளில் கயிறு கட்டி ஆட்களை அழைத்துச் செல்லும் மலை வழிகாட்டிகள். பேருந்துச் சுற்றுலாவின் கட்டணத்துக்கு அப்படி ஒருவரைத் தாருங்கள் என்று கேட்பது நியாயமும் ஆகாது. நான் கேட்பது, குழுவோடு மேலே வந்து, இந்த ஏணிக்கு இந்தக் காலணி போதாது என்றும், இப்போது மேகம் ஏறுகிறது, அரை மணி நேரம் உள்ளே இருங்கள் என்றும் சொல்லக்கூடிய ஓர் ஆளை மட்டும்தான். அதற்கு வழியில்லை என்றால், விளம்பரத் தாளில் “வழிகாட்டியுடன்” என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே “அடிவாரம் வரை” என்றும் அச்சிட வேண்டும்.

வானிலை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2008 ஜூலையில் இந்த மலை மீது நடந்த ஓட்டப்பந்தயத்தின்போது திடீரென்று மழையும் பனியும் கொட்ட, மெல்லிய ஆடையில் ஓடியவர்களில் இருவர் உச்சிக்கு அருகே குளிராலும் களைப்பாலும் உயிரிழந்தார்கள். அது நடந்தது கோடைக்காலத்தில். ரோப் காரில் போகிறவர்களுக்கு ஒதுங்கக் கட்டடம் உண்டு என்பதால் அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனால் கட்டிய பணத்துக்குக் காட்சி கிடைக்குமா என்பது அன்றைய மேகத்தின் கையில்தான் இருக்கிறது. உச்சியில் உள்ள கேமரா காட்டும் நேரலைப் படத்தை அடிவாரத்துத் திரையிலும், வீட்டில் இருந்தபடி இணையத்திலும் எவரும் பார்க்கலாம். இரண்டு மாதம் முன்பே நாள் குறித்துப் பணம் வாங்கும் சுற்றுலாக்காரர்கள் இதை ஏன் வாய்திறந்து சொல்வதில்லை என்பது ஊகிக்கக் கடினமானதல்ல. மியூனிக்கில் மூன்று, நான்கு நாட்கள் தங்குகிறவர்கள் முன்பதிவு செய்யாமல் இருந்து, வானம் தெளிந்த நாளில் காலையில் தாமாகவே ரயிலேறிக் கார்மிஷ் போவதே மேல் என்பது என் முடிவு. எங்களுக்கு முதல் முக்கால் மணி நேரம் வெள்ளைச் சுவரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. குழுவில் பாதிப் பேர் அலுத்துப்போய் இறங்கிவிட்டார்கள். அவர்கள் போன சிறிது நேரத்தில் தெற்கே திரை விலகியது போல மேகம் பிரிந்து, ஆஸ்திரியாவின் பனிமுகடுகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. இன்னும் சற்று இருந்து பாருங்கள் என்று சொல்லத் தெரிந்தவர் கீழே காபி குடித்துக்கொண்டிருந்தார்.

தங்கள் கட்டுரையில் ஒரு வரி கூட இடம்பெறாத செய்தியும் ஒன்று உண்டு. உச்சிக்குச் சற்றுக் கீழே, 2,588 மீட்டர் உயரத்தில், பீடபூமி போன்ற ஒரு பரப்பு இருக்கிறது. நம் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையைப் போலவே பல்சக்கரத்தில் ஏறும் ரயில், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அங்கே வந்து சேர்கிறது. உச்சியிலிருந்து அங்கே இறங்க வேறொரு ரோப் கார் உண்டு. எங்கள் கையில் இருந்த பயணச்சீட்டு இவை எல்லாவற்றுக்கும் செல்லும் என்பதை என் மகன் சீட்டின் பின்புறத்தைப் படித்துக் கண்டுபிடித்தான். குழுவில் வேறு யாருக்கும் அது தெரியாது. அந்தப் பரப்பில்தான் ஷ்னேஃபெர்னர் என்ற பனியாற்றின் எச்சம் கிடக்கிறது. ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து, உருகி உருகி வடக்கு, தெற்கு என்று பிரிந்து போனது அது. தன் எடையால் தானே நகர்வதுதான் பனியாறு. நகர்வதை நிறுத்திவிட்டால் அது வெறும் கிடைபனி. தெற்கு ஷ்னேஃபெர்னரின் மிக ஆழமான இடத்தில் கூட ஆறு மீட்டர் பனி எஞ்சவில்லை என்றும், அதை இனிப் பனியாறு என்று அழைக்க முடியாது என்றும் பவேரிய அறிவியல் கழகம் 2022இல் அறிவித்தது. அத்துடன் ஜெர்மனியின் பனியாறுகள் ஐந்திலிருந்து நான்காகக் குறைந்தன. அவற்றில் இரண்டு இந்த மலையில்தான் இருக்கின்றன. வடக்குப் பகுதியைக் காக்க முன்பு கோடைதோறும் பனி மீது பெரிய விரிப்புகளைப் போர்த்திவந்தார்கள். பயனில்லை என்று அதையும் பின்னர் கைவிட்டுவிட்டார்கள். சரளைக் கற்களுக்கு நடுவே அழுக்குச் சாம்பல் நிறத்தில் கிடந்த அந்தப் பனியைப் பார்த்தபடி நான் இருபது நிமிடம் நின்றேன். பாடப்புத்தகத்தின் படத்தை வைத்தே இத்தனை ஆண்டுகள் பனியாற்றைக் கற்பித்தவளுக்கு, சிலுவையைத் தொட்டிருந்தால் கூட அவ்வளவு நிறைவு கிடைத்திருக்காது. சிலுவையை நான் தொடவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எல்லைக்கோடு உச்சிக் கட்டடங்களின் ஊடே ஓடுவதால் சில அடிகள் நடந்தால் ஆஸ்திரியாவில் இருப்போம். ஒரே ஷெங்கன் விசா இரண்டு நாடுகளுக்கும் செல்லும் என்பதால் அதில் நம்மவர்களுக்குச் சிக்கல் ஏதும் இல்லை. ஆயினும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருப்பது நல்லது.

இத்தகைய பயணங்களை விற்கும் நம் ஊர் முகவர்களிடம், பணம் கட்டும் முன், வழிகாட்டி உச்சி வரை வருவாரா, மேலே எத்தனை மணி நேரம், பயணச்சீட்டு எந்தெந்த வண்டிகளுக்குச் செல்லும், மேகம் மூடினால் வேறொரு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்று வாசகர்கள் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுகிறேன். தங்கள் பயணப் பக்கத்தில் அடுத்த முறை இப்படியொரு சிகரத்தைப் பற்றிக் கட்டுரை வரும்போது, நிழற்படங்களில் ஒன்றைக் குறைத்தாவது, என்ன காலணி, எத்தனை டிகிரி குளிர், யார் ஏறக் கூடாது என்பதை ஒரு சிறு கட்டத்தில் வெளியிட்டால், என் கணவரைப் போலச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்களின் எண்ணிக்கையாவது குறையும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
திருநெல்வேலி.