ஆனின் டைரியை ஊர்கூடி வாசிக்கத் துணை நின்றவர்களுக்கு நன்றி

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், ஆன் ஃபிராங்கின் டைரியை வாரந்தோறும் வாய்விட்டு வாசித்து இப்போது முடித்திருக்கிறோம். தோள் கொடுத்த எல்லாருக்கும் எங்கள் நன்றி.

ஜூன் 12 அன்று தொடங்கலாம் என்றவர் நூலகர் அக்கா. மேட்டூர் அணையைத் திறக்கும் நாள் என்பதால் டெல்டாவில் யாருக்கும் மறக்காத தேதி. 1929-இல் ஆன் பிறந்ததும் அதே தேதியில்தான். 13-ஆவது பிறந்தநாளுக்குக் கிடைத்த அந்த நோட்டோடுதான், சில வாரங்களில் அவள் ஆம்ஸ்டர்டாமில் அப்பாவின் அலுவலகக் கட்டடத்துப் பின்பகுதிக்குள் ஒளியப் போனாள். நாஜிகளுக்குப் பயந்து அங்கே மறைந்திருந்த யூதர்கள் மொத்தம் 8 பேர்.

வாசித்த பள்ளிக்கூடப் பிள்ளைகளே, உங்களுக்குத் தனி நன்றி. அம்மாவோடு மனஸ்தாபம், எழுதும் மேசைக்காக அறையில் கூட இருந்தவரோடு தகராறு என்று வந்த இடங்களை எப்படிச் சிரித்துச் சிரித்து வாசித்தீர்கள்! 1944 ஆகஸ்ட் 1-ஆம் தேதியோடு டைரி நின்றபோது உங்களுக்குத்தான் தாங்கவில்லை. ஆகஸ்ட் 4-இல் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு நாஜிகளின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் ஆன் இறந்தபோது வயது 15.

அந்த எழுத்து நம் கைக்கு வந்ததற்கு மீப் கீஸ் என்ற பெண்மணியை வணங்க வேண்டும். ஒளிந்திருந்தவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் சுமந்தவர். கைதுக்குப் பிறகு சிதறிக் கிடந்த தாள்களை, உடன் வேலை பார்த்த பெப்போடு சேர்ந்து எடுத்து வைத்தார். பிள்ளை திரும்பி வந்தால் கொடுக்கணும் என்று படிக்காமலேயே மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்தினார். ஆன் இறந்தது உறுதியான பிறகு, முகாமிலிருந்து உயிரோடு வந்திருந்த அப்பா ஓட்டோவிடம் ஒப்படைத்தார். 1947-இல் புத்தகமாகி, இன்று 70-க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது.

மைக்செட்டுக்கு வாடகை வாங்காத பந்தல்கார அண்ணனுக்கும், சுண்டல் அவித்துத் தந்த மகளிர் குழு அக்காமாருக்கும் நன்றி.

அப்புறம், கடைசி நாளில் எழுந்து நின்று பேசிய மேலத்தெருத் தாத்தா. ஆன் ஒளிந்திருந்த அதே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மலாயாவிலிருந்து சயாம்-பர்மா ரயில்பாதை போட ஜப்பானியர்கள் கொண்டுபோன தமிழர்களில் அவருடைய பெரியப்பாவும் ஒருவராம். அந்தப் பாதையில் ஆயிரக்கணக்கில் தமிழர்கள் மாண்டார்கள். பலருக்குப் பெயர்கூட எங்கும் பதிவாகவில்லை. பெரியப்பா ஊருக்குப் போட்ட ஒரே கடுதாசியைத் தாத்தா எங்களிடம் காட்டினார். அந்த நம்பிக்கைக்கு எப்படி நன்றி சொல்வது!

மலாயா, பர்மா போனவர்களின் கடிதமோ நோட்டோ உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நூலகத்துக்குக் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை உங்கள் கையிலேயே தந்துவிடுகிறோம்.