‘மூளையில் நீர்’ என்ற ஒற்றை வரி போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் ‘குழந்தையின் மூளையில் நீர் கோத்திருக்கிறது’ என்று வந்ததுமே, கருவைக் கலைத்துவிடலாமா என்று கேட்டு வரும் குடும்பங்கள் பல. அவர்கள் கையிலிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு எண்தான்.

மூளையின் பக்கவாட்டு அறைகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் திரவம் உண்டு. அறையின் பின்பகுதி அகலம் 10 மி.மீ.க்குக் கீழே இருந்தால் இயல்பு. 10 முதல் 12 வரை லேசான விரிவு. 15-ஐத் தாண்டினால்தான் கடுமையானது.

இதை அளப்பதில்தான் பிழை நேர்கிறது. மூளையின் நடுக்கோடு, மண்டையோட்டின் இரு பக்கங்களிலிருந்தும் சம தூரத்தில் தெரிய வேண்டும். அளவுக்குறிகளை அறைச்சுவரின் உள்விளிம்புகளில், அறைக்குச் செங்குத்தாக வைக்க வேண்டும். ஸ்கேன் படம் எடுக்கும் தளம் சாய்ந்தாலோ, குறியை வெளிவிளிம்பில் வைத்தாலோ 9 மி.மீ. 11 ஆகிவிடும். இன்னொரு சிக்கல்: ஸ்கேன் கருவிக்கு அருகிலுள்ள பக்கத்தை மண்டையோட்டின் எதிரொலி மறைத்துவிடும். அதனால் தூரத்துப் பக்கத்தை மட்டும் அளந்து, மற்றதும் அப்படித்தான் என்று எழுதிவிடுகிறார்கள். கோணத்தை மாற்றியோ, குழந்தை திரும்பும்வரை காத்திருந்தோ இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும். தலை கீழே இருந்தால் பிறப்புறுப்பு வழி ஸ்கேன் இன்னும் தெளிவாகக் காட்டும்.

விரிவு உண்மைதான் என்றால் காரணம் தேட வேண்டும். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலமான கார்பஸ் கலோசம் இருக்கிறதா, முதுகெலும்பு மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சைட்டோமெகலோ வைரஸ், டாக்சோபிளாஸ்மா தொற்றுக்கும் குரோமோசோம் கோளாறுக்கும் சோதனை தேவை. எம்.ஆர்.ஐ.யை 22 வாரத்துக்கு முன் எடுப்பதால் பெரிய பயனில்லை. இவற்றில் எந்தக் குறையும் இல்லாமல் 12 மி.மீ.க்குள் நிற்கும் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இயல்பாகவே வளர்கிறார்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் மறுபடி அளந்து பார்த்தால் போக்கு புரிந்துவிடும்.

இதற்கெல்லாம் அவகாசம் வேண்டும். குரோமோசோம் கோளாற்றையும் தொற்றையும் கண்டறியும் பனிக்குட நீர்ச் சோதனையின் முடிவுக்கே இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, 24 வாரத்தைத் தாண்டினால் கடுமையான குறைபாடு உள்ள கருவைக் கலைப்பதற்கும் மருத்துவ வாரியத்தின் ஒப்புதல் தேவை. ஆகவே இந்த ஸ்கேனை 18 முதல் 20 வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

ஸ்கேன் மையங்களுக்கு ஒரு வேண்டுகோள். இரு பக்க அளவையும், கார்பஸ் கலோசம், சிறுமூளை, முதுகெலும்பு ஆகியவற்றின் நிலையையும் அறிக்கையில் எழுதி, அளந்த படத்தையும் இணைத்துக் கொடுங்கள். இவை இல்லாவிட்டால் அடுத்த மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குள் இன்னொரு வாரம் போய்விடுகிறது.

- கருவுற்றோர் ஸ்கேன் மருத்துவர், மதுரை