ஸ்பிளின்ட் செய்யவும் ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ மாணவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட வழிகாட்டி இணைப்பைப் படித்தேன். மருத்துவத் தொழில்நுட்பத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் அதில் ரோபோவும் செயற்கை நுண்ணறிவும்தான் இருந்தன. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான கருவிகளைக் கையால் செய்து, மாட்டி, சரிபார்க்கும் வேலைகளில் ஒன்றுகூட இல்லை.

என் மகளுக்கு மூளை முடக்குவாதம். குதிகால் ஊன்றாமல் விரல் நுனியிலேயே நிற்பாள் என்பதால் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் போடுகிறோம். ஏஎஃப்ஓ என்பார்கள். பார்த்தால் ஏதோ ஃபேக்டரியில் வார்த்த சாமான் மாதிரி இருக்கும். செய்வதைக் கிட்டே இருந்து பார்த்தால்தான் அதன் பாடு தெரியும். பாதத்தை நேராக மடக்கிப் பிடித்தபடியே மாவுக்கட்டுத் துணியைச் சுற்ற வேண்டும். கட்டு இறுகும்வரை பிடித்த கை அசையக் கூடாது; பிள்ளையோ சும்மா இருக்காது. அந்தக் கூட்டைக் கழற்றி, உள்ளே மாவைக் கரைத்து ஊற்றிக் காலின் படிவம் எடுப்பார்கள். எலும்பு துருத்தும் இடத்தில் கொஞ்சம் மாவு அப்பி, சதைப்பற்றான இடத்தில் சுரண்டி, அப்புறம் சூடாக்கிய பாலிபுரொப்பிலீன் தகட்டை அதன்மேல் போர்த்துவார்கள். கணுக்கால் மேட்டில் ஒரு நூல் பிசகினாலும் தோல் சிவந்து புண்ணாகிவிடும். பிறகு பிள்ளை அதைத் தொடவே விடாது.

எங்கள் ஊர்ப் பக்கம் இதைப் படித்தவர் யாரும் இல்லை. முகாமில் அளவெடுத்துப் போவார்கள்; கருவி வந்து சேர்வதற்குள் கால் வளர்ந்திருக்கும்.

இதற்கென்றே பிபிஓ (பேச்சலர் இன் புரோஸ்தெடிக்ஸ் அண்ட் ஆர்தோடிக்ஸ்) என்று, செயற்கை உறுப்புகளும் இப்படித் தாங்கும் கருவிகளும் செய்யக் கற்றுத்தரும் நாலரை வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசு நிறுவனத்திலும் வேலூர் சிஎம்சியிலும் படிக்கலாம். எங்கள் தெருவில் கேட்டுப் பார்த்தேன், பேர்கூட யாருக்கும் தெரியவில்லை. காது கேட்பதில் உள்ள குறையைக் கவனிக்கும் ஆடியாலஜி படிப்பின் நிலையும் ஏறக்குறைய இதுதான். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத குழந்தைக்கு ஆபரேஷன் செய்து காக்ளியர் இம்பிளான்ட் என்ற கேட்கும் கருவியை வைத்துவிடலாம். அதன் பிறகு விடாமல் பயிற்சி கொடுக்க ஆள் இல்லையென்றால் பேச்சு எப்படி வரும்?

ஆராய்ச்சியில் ஆசை உள்ள பிள்ளைகளுக்கும் இங்கேயே வழி உண்டு. சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.டெக். நடத்துகின்றன. இன்ஜினியரிங் படித்தவர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நின்று கற்றுக்கொள்ளும் படிப்பு. பேச வராத குழந்தை படத்தைத் தொட்டால் குரலாகச் சொல்லும் ‘ஆவாஸ்’ கருவியை உருவாக்கிய அஜித் நாராயணன் சென்னை ஐஐடியில் படித்தவர். மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் சென்னையின் வித்யாசாகர் அமைப்போடும் அங்குள்ள குழந்தைகளோடும் சேர்ந்துதான் அது வடிவம் பெற்றது. 2011இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் டெக்னாலஜி ரிவியூ இதழ் அவரை உலகின் 35 இளம் கண்டுபிடிப்பாளர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. சாதனைக் கதை வேண்டுமென்றால் இதைப் போட்டிருக்கலாமே!

ஒரு விஷயத்தை மட்டும் மூடி மறைக்காமல் எழுதுங்கள். படிப்பைப் புகழ்ந்துவிட்டு வேலையைப் பற்றிப் பேசாமல் விட்டால் பிள்ளைகளை ஏமாற்றியதாகிவிடும். எங்கள் பெண்ணுக்கு ஸ்பிளின்ட் செய்யும் தம்பி கெட்டிக்காரர். வாங்கும் சம்பளம் போதாமல் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார். அவர் போய்விட்டால் நாங்கள் யாரிடம் போவது?

எனவே அடுத்த இணைப்பில் பிபிஓ, ஆடியாலஜி, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி மூன்றுக்கும் இடம் கொடுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இவர்களுக்கு எத்தனை பணியிடங்கள் இருக்கின்றன, அதில் எத்தனை காலி, தொடக்கச் சம்பளம் என்ன என்பதை உங்கள் நிருபர் சுகாதாரத் துறையிடம் கேட்டு அதே பக்கத்தில் போடட்டும். எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் அந்தப் பக்கத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்