கதவுக்கு உள்ளே தனியாக: வீடு தேடிச் செல்லும் மருத்துவப் பணியாளர்களுக்காக ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கும்,

வணக்கம். 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் கத்திக்குத்துக்கு ஆளானதும், பேச்செல்லாம் மருத்துவமனை வாசல் காவலைப் பற்றியே இருந்தது. 2021 ஆகஸ்டு 5 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு படியேறும் தன்னார்வலர்களுக்கும், கட்டு மாற்றப் போகும் செவிலியர்களுக்கும் அந்த வாசல் கிடையாது.

நோயாளியின் கட்டில் பெரும்பாலும் உள்ளறையில், சுவரை ஒட்டிக் கிடக்கும். செவிலியர் இரு கையிலும் கையுறையோடு குனிந்து புண்ணைத் துடைப்பார். போன் பைக்குள், பையோ கூடத்தில். குடித்துவிட்டு வந்த மகன் கதவு நிலையை அடைத்து நின்றால் என்ன செய்வது? கட்டிலை ஓரடி இழுத்துக் கதவுப் பக்கம் நின்று வேலை பார்ப்பது, போனைச் சட்டைப்பையில் வைப்பது, கதவைத் தாழிட விடாதது, இவற்றைப் பயிற்சியிலேயே செய்துகாட்ட வேண்டும்.

புது வீட்டுக்கு முதல்முறை இருவர் போகட்டும். அவிழ்த்துவிட்ட நாய், குடி, முன்பு நடந்த மிரட்டல் எதுவானாலும் நோயாளி அட்டையில் ஏறட்டும். காலையில் வீடுகளின் வரிசையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துவிட்டுக் கிளம்பட்டும். சொன்ன நேரம் தாண்டி 20 நிமிடம் ஆனால் அங்கிருந்து அழைப்பு போக வேண்டும்; இருமுறை எடுக்காவிட்டால் அவசர உதவி எண் 112. அழைப்பவர் யார் என்று அன்றன்று பெயர் குறிக்க வேண்டும். ‘வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலி நல்லதுதான். சிக்னல் இல்லாத மலைக் கிராமத்தில் கடிகாரம்தான் துணை.

2008-ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டு சிறை என்கிறது. அது நோயாளி வீட்டுக்கும் பொருந்தும் என்று ஐயமற ஆணையிடுங்கள். தாக்குதல் நடந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே புகார் தர வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில் சொன்னது. அடிபட்ட பெண்ணைத் தனியாகக் காவல் நிலையத்துக்கு அலையவிடாமல் இங்கும் அப்படியே செய்யலாம். பாலியல் தொல்லை என்றால், 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேலை நிமித்தம் போகும் இடமும் பணியிடமே. 3 மாதத்துக்குள் புகார் தரலாம் என்பதைக் களத்தில் இருப்பவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டாமா?

எல்லாவற்றையும் விடப் பெரிய இடைஞ்சல் மாதாந்திர இலக்கு. பயந்து திரும்பிய வீடு நிலுவையாக நிற்கும். ‘கொஞ்சம் அனுசரித்துப் போம்மா’ என்பார்கள் மேலே இருப்பவர்கள். பணியாளரும் மறுபடி அதே படியேறுவார். பதிவேட்டில் ‘வீடு பூட்டியிருந்தது’ என்பதற்குப் பக்கத்தில் ‘பாதுகாப்பில்லை’ என்று இன்னொரு கட்டம் போடுங்கள். அதை நிரப்பினால் ஊக்கத்தொகை குறையக் கூடாது. அந்த நோயாளிக்கு மாத்திரை நிற்காமல் இருக்க, அடுத்த முறை இருவராகப் போக ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுப் பராமரிப்புப் பணியை அறிந்தவர்கள்